பழைய வேகனுக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள்

பழைய ஹார்ன்பி டப்ளோ பொம்மை ரயில் வேகன் ஒன்று கைக்கு வந்ததும் நிறையப் பேர் முதலில் தேடுவது பெயின்ட் டப்பாவைத்தான். எழுபது வருஷத்துத் தகரம். ஓரமெல்லாம் துரு, மூலையில் கீறல், எழுத்து பாதி மங்கிப்போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் புதுசாக்கிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். சக்கரத்தை மாற்றுங்கள், ஆக்சிலை நேராக்குங்கள், ஓட வையுங்கள். மேலே இருக்கிற நிறத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஏன் என்று கேட்டால், அந்தப் பக்கப் பலகையை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். பலகைக்குப் பலகை கறுப்புக் கோடு, இரும்புப் பட்டை, பட்டையில் வரிசையாக போல்ட் தலைகள், வலது மூலையில் பொடி எழுத்தில் எடை. இதில் எதுவும் தூரிகையால் வந்ததில்லை, எதுவும் மேடாகவும் இல்லை. தட்டையான தகரத்தில் முதலில் அச்சடித்து, அப்புறம் வெட்டி மடித்திருக்கிறார்கள். திறந்த வேகன் என்றால் உள்பக்கமும் அச்சுதான். இதை 1938இல் லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் இருந்த மெக்கானோ தொழிற்சாலை செய்ய ஆரம்பித்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய பிராங்க் ஹார்ன்பி அதற்கு இரண்டு வருஷம் முன்பே காலமாகிவிட்டார். தொழிற்சாலையும் 1979இல் மூடப்பட்டது. அந்த அச்சு மீண்டும் வராது. அதன் மேல் நாம் பெயின்ட் அடித்தால் மிஞ்சுவது நம் கைவேலை ஒன்றுதான், அதை எந்தத் தகரத் துண்டிலும் செய்துகொள்ளலாம்.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, காது குடையும் பஞ்சுக் குச்சி. பித்தளை துலக்கும் பாலிஷ் கூடவே கூடாது. அழுக்கோடு சேர்த்து அச்சையும் சுரண்டிக்கொண்டு போய்விடும். முதலில் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் சிவப்போ பழுப்போ ஒட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். காய்ந்த பிறகு ரினைசான்ஸ் மெழுகு கொஞ்சம், மெல்லிய துணியால். பிரிட்டிஷ் மியூசியத்தின் தேவைக்காக உருவான மெழுகு அது. துரு அதற்கு மேல் பரவாமல் பிடித்து வைக்கும், மங்கின நிறமும் கொஞ்சம் ஆழம் பெறும். 'ராயல் டேலைட்' என்று எழுதிய சிவப்பு மண்ணெண்ணெய் டாங்கர் ஒன்று என்னிடம் இருக்கிறது. மெழுகு பட்டதும் அந்தச் சிவப்பு எப்படி எழுந்து வந்தது என்று பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

அடுத்தது கழற்றுவது. பொறுமை கேட்கிற இடம் இதுதான். மேலே தகரம், கீழே வார்ப்பு அடிச்சட்டம். தகரத்தின் கீழ் விளிம்பிலிருந்து சின்னச் சின்ன நாக்குகள் இறங்கி, சட்டத்தில் உள்ள பிளவு வழியாகப் போய் மடங்கியிருக்கும். ஒரு நாக்கு மூன்றாவது முறை மடங்கினால் பெரும்பாலும் முறிந்துவிடும். தொழிற்சாலையில் ஒருமுறை மடக்கிவிட்டார்கள். உங்களுக்கு முன்னால் யாராவது திறந்து பார்த்திருந்தால் கணக்கு கிட்டத்தட்ட தீர்ந்தது. அதனால் மெல்லிய கத்தி நுனியை அடியில் விட்டு, சட்டம் வெளியே வர எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் நிமிர்த்த வேண்டும். முழுசாக நேராக்க வேண்டிய அவசியமே இல்லை. மடிப்பில் வெள்ளையாக ஒரு கீற்று தெரிந்தால் உலோகம் களைத்துவிட்டது என்று அர்த்தம். சக்கரத்தை மாற்றச் சட்டத்தைக் கழற்றாமலே வழி இருந்தால் நாக்கைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சரி, சக்கரம் ஏன் போகிறது? பெரும்பாலும் மசாக் நோய். துத்தநாகத்தில் சுமார் நான்கு சதவீதம் அலுமினியம் கலந்து வார்ப்பது மசாக். துத்தநாகம் 99.99 சதவீதம் சுத்தமாக இருக்க வேண்டும். ஈயமோ வெள்ளீயமோ துளி கலந்துவிட்டாலும், உலோகத்தின் மணிகளுக்கு நடுவே அரிப்பு ஆரம்பித்துவிடும். முதலில் மயிரிழை விரிசல், அப்புறம் வீக்கம், கடைசியில் சக்கர விளிம்பு தட்டில் வைத்த ரஸ்க் மாதிரி பொடிப்பொடியாக உதிரும். ஒரு வேகனிலிருந்து பக்கத்து வேகனுக்குத் தொற்றும் என்று சந்தைகளில் இன்றும் சொல்கிறார்கள். தொற்றாது. வார்த்த அன்றைக்கே உள்ளே இருந்த கோளாறு அது, ஈரமும் சூடும் அதை விரைவுபடுத்தும், அவ்வளவுதான். பசை போட்டோ வார்னிஷ் பூசியோ குணப்படுத்த முடியாது. புதுச் சக்கரம் போட வேண்டியதுதான்.

போடும்போது உங்கள் தண்டவாளம் எது என்று பாருங்கள். டப்ளோ முதலில் மூன்று தண்டவாளம். நடுவில் மின்சாரம், வெளியில் இருக்கும் இரண்டும் ஒரே முனை, அதனால் சக்கரமும் ஆக்சிலும் முழு உலோகமாக இருந்தாலும் பாதகமில்லை. இரண்டு தண்டவாள டப்ளோ 1959இல் வந்தது. அந்த வகைப் பாதையில் பழைய உலோகச் சக்கரத்தை வைத்தால் உடனே ஷார்ட் ஆகும். காப்பிட்ட சக்கரம்தான் அங்கே சரி. கழற்றின பழைய சக்கரங்களை, உதிர்ந்த நிலையில் இருந்தாலும், ஒரு சின்ன கவரில் போட்டு வேகனின் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவேன். எனக்கு அப்புறம் அதை வாங்குகிறவருக்கு எது பழசு, எது நான் போட்டது என்று தெரிய வேண்டும்.

இப்படிச் சொல்வதால் எனக்குப் பெயின்ட் பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். ரொம்பப் பிடிக்கும். அந்த ஆசைக்குத்தான் புதிதாகக் கட்டுகிறேன்.

இப்போது முடித்திருப்பது ஏழு பலகை நிலக்கரி வேகன், பிரிட்டிஷ் ரயில் கம்பெனிகளின் பொது அமைப்பான ஆர்சிஎச்சின் (ரயில்வே கிளியரிங் ஹவுஸ்) 1923ஆம் வருஷத்து வரைமுறைப்படி. இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் சுரங்கங்களும் நிலக்கரி வியாபாரிகளும் சொந்தமாக வேகன் வைத்திருந்தார்கள். பக்கம் முழுக்கத் தங்கள் பெயரைப் பெரிய எழுத்தில், நிழல் விட்டு எழுதிக்கொண்டார்கள். 1948இல் ரயில்வே தேசியமயமானபோது அவையும் அரசுக்குப் போய், எண்ணுக்கு முன்னால் P என்ற எழுத்தோடு ஓடின. அசலின் நீளம் பதினாறரை அடி, ஆக்சிலுக்கு ஆக்சில் ஒன்பது அடி. அடிக்கு நான்கு மில்லிமீட்டர் கணக்கில் அது 66, 36 மில்லிமீட்டர்.

கட்டுவதில் எனக்கு முக்கியம் நான்கு சக்கரமும் தண்டவாளத்தைத் தொடுவது. கண்ணாடித் துண்டு ஒன்றில் வைத்து, மூலைக்கு மூலை விரலால் தட்டிப் பார்ப்பேன். டக் என்று ஆடினால் சட்டம் முறுக்கியிருக்கிறது. அதற்காகத்தான் ஒரு ஆக்சிலை நிலையாகவும், இன்னொன்றை நடுவில் ஊசலாடும்படியும் பித்தளையில் செய்கிறோம். எடை ஆக்சிலுக்கு 25 கிராம் என்று வைத்துக்கொண்டால் இந்த வேகனுக்கு 50. எடைக்கு ஈயக் குண்டு போடுகிறவர்கள் கவனியுங்கள். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையில் ஈயத்தை ஒட்டினால் சில வருஷத்தில் அது வினைபுரிந்து ஊதி, வேகனைப் பிளந்துவிடும். எபாக்ஸி போடுங்கள்.

உள்பக்கத்தை நிறையப் பேர் கறுப்பாக அடித்து முடித்துவிடுகிறார்கள். அசலில் அங்கே பெயின்டே கிடையாது, வெறும் மரம். ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாக அடித்தேன். சாம்பல் கொஞ்சம், மணல் நிறம் கொஞ்சம், சமீபத்தில் மாற்றிய பலகை என்று ஒன்று மட்டும் வெளிறின மஞ்சளில். நிலக்கரி உரசுகிற கீழ்ப் பலகைகளுக்குக் கறுப்புப் பொடி. இங்கே எவ்வளவு நேரம் செலவழித்தாலும் எனக்குச் சலிக்காது.

முடித்ததும் வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். அவர் திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேகன் பகுதியில் வேலை பார்த்தவர். 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து மாற்றி வந்த பணிமனை அது, இன்றைக்கும் அங்கே வேகன் கட்டுகிறார்கள். எழுத்தையும் நிறத்தையும் அவர் பார்க்கவே இல்லை. "அடியில காட்டுப்பா" என்றார். காட்டினேன். "பிரேக் லிவர் எங்க?" என்றார். இரண்டு பக்கமும் காட்டினேன். "ரெண்டு பக்கமும் வலது கைக்கு வருதே, எதுக்கு?" என்றார். வேகன்களைப் பிரித்துச் சேர்க்கப் பக்கத்திலேயே நடந்துபோகிற ஷண்டர் எந்தப் பக்கம் நின்றாலும் வலது கைப்பக்கமே லிவரை அழுத்தட்டும் என்றுதான்பா, என்றேன். "அப்ப ஓடுறப்ப இதுக்கு பிரேக்கே கிடையாதா? வாக்குவம் பிரேக் இல்லையா?" இல்லை, எஞ்சினும் கடைசியில் கார்டு வேனும்தான், என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப கார்டு வேன் எங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. என்னிடம் ஒரு டப்ளோ பிரேக் வேன், அதாவது கார்டு வேன், இருக்கிறது, அச்சு அருமையாக இருக்கிறது, அடிச்சட்டம்தான் மசாக் நோயில் வளைந்து இரண்டு இடத்தில் விரிந்துவிட்டது. யாரோ முன்பே திறந்ததால் நாக்குகள் நிமிர்ந்தே கிடக்கின்றன. அடுத்த வேலை அதுதான். தகரத்தைத் தொடாமல், பித்தளைத் தகட்டில் புதுச் சட்டம் வெட்டி, பிளவுகளைக் கொஞ்சம் தாராளமாக விட்டு, நாக்கை மடக்காமல் உள்ளிருந்து இரண்டு சின்னத் திருகாணியால் பிடிக்கப்போகிறேன். வெட்டுப் படத்தை அளவுகளோடு அடுத்த பதிவில் போடுகிறேன்.