யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை

பரதம், தெருக்கூத்து, பறை, வீடியோ. இந்த நான்கையும் வைத்து 40 நிமிடத்துக்குப் புதிதாக ஒரு நிகழ்வு செய்யக் கிளம்பினோம். நான் பரதம் ஆடுபவள். கூத்து வாத்தியார் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். பறைக்கு ஒரு தம்பி, வீடியோவுக்கும் ஒலிக்கும் ஒரு தோழி. இதே மாதிரி முயற்சியில் இறங்க நினைக்கிறவர்களுக்கு எங்கள் அனுபவம் உதவலாம்.

ஒத்திகைக்கு முன்னால் படிப்பு. ஒருவர் சொல்லிக்கொடுக்க மற்ற மூவரும் மாணவர்கள். முட்டியை மடக்கி நிற்கும் அரைமண்டியில் பழகிய என் உடம்புக்குக் கூத்தின் துள்ளலும் சுழற்சியும் லேசில் வரவில்லை. வாத்தியார் மண் தரையில் ஆடிப் பழகியவர். சிமெண்டுத் தரையில் அதே வேகத்தில் குதித்தால் முட்டி போய்விடும் என்று அவர் சொன்ன பிறகுதான் தரையைப் பற்றியே யோசித்தோம். கூத்துக் குரலும் அப்படித்தான், மைக் இல்லாத காலத்தில் திறந்த வெளியில் கடைசி ஆள் வரை எட்டுவதற்காக வளர்ந்தது. அவர் பாட ஆரம்பித்தால் என் சுருதிப்பெட்டிக்கு அங்கே வேலையே இல்லை.

உருவாக்கத்தில் இறங்கியதும் கைகள் தாமாகவே பழைய வழக்கத்துக்குப் போய்விடுகின்றன. நான் ஆடுவேன், பறை எனக்குத் தாளம் போடும், வீடியோ பின்னால் திரைச்சீலையாகத் தொங்கும், வாத்தியார் இடையில் வந்து கதை சொல்வார். பார்க்க நன்றாகவே இருக்கும். பல கூட்டு முயற்சிகள் இந்த ‘நன்றாக’விலேயே நின்றுவிடுகின்றன. ஒரு கலை நடுவில் உட்கார்ந்துகொள்ள, மற்றவை அதற்குப் பக்கவாத்தியம் ஆகிவிடுகின்றன. நடனக் கலைஞர் சந்திரலேகா 1985-இல் ‘அங்கிகா’ என்ற நிகழ்வில் களரி என்ற கேரளத் தற்காப்புக் கலையையும் பரதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஒன்றை மற்றதற்கு அலங்காரமாக்கவில்லை. எங்களுக்கும் அந்தச் சமநிலைதான் வேண்டியிருந்தது.

வழி அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜிடமிருந்து கிடைத்தது. 1952 கோடையில் அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில் அவர் நடத்திய நிகழ்வில் நடனம், பியானோ, கவிதை, ஓவியம் எல்லாம் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் நடந்தன. எந்த நேரத்தில் செய்யலாம் என்ற கால அளவு மட்டும் பங்கேற்றவர்களிடம் இருந்தது. என்ன செய்வது என்பது அவரவர் பாடு. பின்னாளில் அவரும் நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையையும் நடனத்தையும் தனித்தனியாகவே உருவாக்கினார்கள். இரண்டுக்கும் பொதுவாக இருந்தது மொத்த நேரம்தான்.

இதை விளக்கியதும் வாத்தியார் சிரித்தார். “ராத்திரி பூரா ஆடுறவங்க நாங்க. நேரத்தைப் பங்கு போடத் தெரியாதா?” என்றார். சரி என்று ஒரு சார்ட்டில் 40 நிமிடத்தைக் கோடு போட்டுப் பிரித்தோம். ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய பகுதிகளைக் குறித்தோம். ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் விழட்டும்.

அந்தச் சார்ட்டில் ஒரு மரணம் வந்தது. வாத்தியார் அபிமன்யு வதத்திலிருந்து எடுத்துக்கொண்ட பகுதி. அங்கே சாவு வீட்டில் பறையில் அடிக்கும் சாவு அடியைப் போட்டால் கனமாக இருக்கும் என்றாள் தோழி. தம்பி குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான். “எங்கப்பா சாவு வீட்ல அடிச்சப்ப அவருக்கு வேற வழி இல்லக்கா. எனக்கு இருக்கு.” அன்று அதற்கப்புறம் ஒத்திகை நடக்கவில்லை. சாயங்காலம் வரை பேசினோம். எந்தச் சாதியின் தலையில் எந்த ஓசை கட்டாயமாகச் சுமத்தப்பட்டது என்று தெரியாமல் அதை வெறும் ‘எஃபெக்ட்’டாகப் போடச் சொல்வது எவ்வளவு பெரிய தப்பு என்று எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. என்னைக் கேட்டால், இந்த மொத்த வேலையிலும் முக்கியமான நாள் அதுதான்.

அந்த இடத்தில் என்ன செய்வது என்பதைத் தம்பியே முடிவு செய்தான். அவனுடையது தோல் பறை. ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும், அடிப்பதற்கு முன் நெருப்பில் காய்ச்ச வேண்டும். வழக்கமாக ஓரமாக நடக்கும் அந்த வேலையை, அபிமன்யு விழும் நேரத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி செய்தான். சருகில் தீ மூட்டி, பறையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டி, இடையிடையே விரலால் சுண்டிப் பார்ப்பான். தளர்ந்த தோலின் ‘தொப்’ மெல்ல மெல்ல ஏறி ‘டங்’ ஆகும் வரை வேறு ஓசை கிடையாது. அரங்குக்குள் தீ மூட்ட அனுமதி இல்லாததால் நிகழ்வையே வெளி முற்றத்துக்கு மாற்றினோம். மண் தரை கிடைத்ததில் வாத்தியாருக்குத்தான் பெரிய சந்தோஷம்.

நிகழ்வன்று நான் ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது பறை நான்கு எண்ணிக்கையில் புகுந்தது. தகிட தகதிமி என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே ஆடினேன். இரண்டும் ஒட்டாமல் ஓடின, எங்கோ ஒரு அடியில் சேர்ந்து விழுந்தன, மறுபடி பிரிந்தன. உட்கார்ந்து யோசித்து அமைத்திருந்தால் அந்தச் சேர்க்கை வந்திருக்காது.

தொடங்குகிறவர்கள் காசு விஷயத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். பரதக்காரருக்குச் ‘சன்மானம்’, பறைக்காரருக்குக் ‘கூலி’ என்ற கணக்கு இன்னும் பல இடங்களில் இருக்கிறது. நாங்கள் நாலு சம பங்கு போட்டோம், அழைப்பிதழில் பெயர்களை அகரவரிசையில் வைத்தோம். கூத்துக் கலைஞரை அழைப்பதாக இருந்தால் பங்குனி, சித்திரை, வைகாசியில் தேதி கேட்காதீர்கள். அவருடைய வருஷ வருமானமே அந்த ராத்திரிகளில்தான் இருக்கிறது.

வாத்தியார் இப்போது மகாபாரதக் கதைகளை ஆடும் பாரதக்கூத்தில் இருக்கிறார். சீசன் முடிந்ததும் அடுத்ததைத் தொடங்குகிறோம். இந்த முறை விடிய விடிய, சார்ட்டில் கோடு போடுவது அவர்.