துணி துவைக்கச் செருப்பு எதற்கு?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் இருபது வருடத்துக்கும் மேலாக வயரிங் வேலை செய்கிறேன். செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்கு மின்சாரத்தின்மேல் நல்ல பயம் உண்டு. அறுவாள் கட்டிய அலுமினியக் கழி மேலே போகும் 11,000 வோல்ட் கம்பிப் பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதே ஆட்கள் வீட்டுக்குள் வந்ததும் அந்தப் பயத்தை வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது இதுதான்.

ஒரு வீட்டுக்கு விசிறி மாட்டப் போயிருந்தேன். பின்கட்டில், ஈரமான சிமெண்டுத் தரையில் துணி துவைக்கும் மெஷின். அம்மா ஒருவர் ரப்பர் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குள் எல்லாரும் வெறுங்காலோடு நடக்கும்போது இங்கே மட்டும் எதற்குச் செருப்பு என்று கேட்டேன்.

"மெஷினத் தொட்டா சுருக்குனு இழுக்குது தம்பி. சிலிப்பர் போட்டுக்கிட்டா ஒண்ணும் செய்யாது."

எத்தனை நாளாக என்றேன். தீபாவளிக்கு முன்னாலிருந்தே என்றார். அப்போது பங்குனி மாதம்.

மீட்டரை வைத்தேன். மெஷின் உடம்புக்கும் தரைக்கும் நடுவே நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மின்பெட்டியைத் திறந்து பார்த்தால், மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் கருவியான இஎல்சிபியின் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் துண்டு வயரால் நேராக இணைத்துவிட்டிருந்தார்கள். இடி இடித்தால் அது விழுந்து மின்சாரத்தை வெட்டிவிடுகிறது, பிரிட்ஜில் மீனெல்லாம் கெட்டுப்போகிறது என்று மகன் யாரையோ கூட்டி வந்து 'சரி' பண்ணியிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இந்த ஊரில் சாயங்கால மழையும் இடியும் இல்லாத வாரம் குறைவு. வேலை முடிந்து களைத்து வருகிறவருக்கு இருட்டு வீடு எரிச்சலைத்தான் கொடுக்கும். ஆனால் அந்தத் துண்டு வயரைச் செருகிய ஆளுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"அதான் பிரேக்கர் இருக்கே" என்றார் அம்மா. எல்லாரும் சொல்வதுதான். நானும் பழகுகிற காலத்தில் அப்படித்தான் நம்பினேன்.

அவர் வீட்டு பிளக் பாயிண்டின் பிரேக்கர் 20 ஆம்பியர். வயர் சூடேறி எரியாமல் காப்பதுதான் அதன் வேலை. 2,000 வாட் கெட்டில் ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், பிரேக்கர் அசையாது. ஈரக்கையும் ஈரக்காலுமாக நிற்கும் மனிதரின் தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், முழு 230 வோல்ட்டும் அவர் வழியாகப் போனால் 0.23 ஆம்பியர். கெட்டில் இழுப்பதில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான், ஆனால் இதயம் தாளம் தவறி நிற்க அது போதும். பிரேக்கரின் கண்ணுக்கு அந்த மனிதர் ஒரு சின்ன பல்பு மாதிரிதான்.

இஎல்சிபி பார்ப்பது வேறு கணக்கு. லைவில் போனது நியூட்ரலில் அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்க்கும். குறைந்தால், அது எங்கோ மண்ணுக்குள் இறங்குகிறது என்று பொருள், உடனே வெட்டும். 1994ஆம் ஆண்டின் மின்சார விதிகளில் குளியலறை வாட்டர் ஹீட்டருக்கு, 10 மில்லி ஆம்பியர் (0.01 ஆம்பியர்) கசிந்தாலே வெட்டும் இஎல்சிபியைக் கேட்பது இதனால்தான்.

எர்த் கம்பியைத் தேடிப் போனேன். சுவரோரம் செம்பரத்திச் செடிக்குள் எர்த்துக்காக மண்ணில் அடித்த செம்புக்கோல் இருந்தது, வயர் அறுந்து கிடந்தது. அறுந்திராவிட்டாலும் இஎல்சிபி இல்லாமல் அது மட்டும் போதாது. காய்ந்த மண்ணில் கோலின் தடை 50 ஓம் ஆனால், லைவ் நேராக மெஷின் உடம்பில் பட்டாலும் 4.6 ஆம்பியர்தான் மண்ணுக்குப் போகும். 20 ஆம்பியர் பிரேக்கர் நாள் முழுக்கச் சும்மா இருக்கும். மெஷினும் நாள் முழுக்கத் தொடுகிறவருக்காகக் காத்திருக்கும்.

அன்று விசிறி மாட்டவில்லை. துண்டு வயரைப் பிடுங்கிவிட்டுப் புது இஎல்சிபி போட்டேன். புதுக்கோல் அடித்து எர்த்தை இணைத்தேன். மெஷினைச் செருகியதும் இஎல்சிபி விழுந்தது. மோட்டாரில்தான் கசிவு, அதை ரிப்பேருக்கு அனுப்பச் சொன்னேன்.

பிறகு அம்மாவையே கூப்பிட்டு, இஎல்சிபி வேலை செய்கிறதா என்று சோதிக்கும் 'டி' பட்டனை அமுக்கச் சொன்னேன். டப்பென்று வீடு இருண்டது. பயந்து கையை எடுத்தார். மாதம் ஒருமுறை இப்படி விழ வேண்டும், விழாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள் என்றேன்.

விசிறியோடு மறுவாரம் போனபோது மெஷின் ரிப்பேராகி வந்திருந்தது. மீட்டர் வைத்தேன், ஒன்றும் காட்டவில்லை. அம்மா பட்டனை ஏற்கெனவே இரண்டு முறை அமுக்கிப் பார்த்துவிட்டாராம். துணியை அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார், காலில் அதே செருப்பு. கழற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை.