கால் ஊன்றாத நாட்கள்

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம். நிலா முழுசாக வந்துவிட்டது. அடுத்தது மாசி மகத்தன்று.

ஜனவரி 28, ஞாயிறு

இன்று இரவு நான் ஏற வேண்டிய பிரான்ஸ் விமானம் நான் இல்லாமல் போகிறது.

தேதியை மாற்றிக்கொள்ளச் சொல்லி இரண்டு தடவை மெயில் வந்தது. எந்தத் தேதிக்கு மாற்ற? அப்பாவின் கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் பதினொரு தப்படி. அந்தப் பதினொன்றையும் அவர் வாக்கரைப் பிடித்து ஒற்றைக் காலில்தான் தாண்டியாக வேண்டும். பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். அம்மா தனியாக எத்தனை தடவை நிற்பாள்? தம்பி ஓசூரிலிருந்து மாதத்துக்கு இரண்டு ஞாயிறு வந்தால் பெரிது.

பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. கம்பளிக் கையுறை மேலாகவே கிடக்கிறது.

ஜனவரி 30, செவ்வாய்

ராத்திரி மூன்று மணிக்கு அப்பா தூக்கக் கலக்கத்தில் எழுந்து உட்கார்ந்து இடது காலைத் தரையில் வைக்கப் போனார். கீழே பாயில் படுத்திருந்த நான் கையை நீட்டிப் பாதத்தை ஏந்திக்கொண்டேன். உள்ளங்கையில் அந்தப் பாதத்தின் கனம் இன்னும் இருக்கிறது.

ஊன்றக் கூடாது, ஆறு வாரம். டாக்டர் அழுத்திச் சொன்னது அது ஒன்றுதான். முட்டிக்குக் கீழே எலும்பின் தலைப்பகுதி உடைந்து, தகடு வைத்துத் திருகி இருக்கிறார்கள். கூடுவதற்குள் பாரம் விழுந்தால் மேல்பகுதி உள்ளே அமுங்கிவிடும் என்று படத்தைக் காட்டிச் சொன்னார். அப்பாவுக்கு எல்லாம் புரிகிறது. பாதத்துக்குத்தான் புரியவில்லை. கண்ணை மூடினால் அது தரையைத் தேடுகிறது.

என் குதிகாலும் அப்படித்தானே செய்தது.

பிப்ரவரி 1, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இன்றும் தூக்கம் வராது.

போன வருஷம் பிப்ரவரி 4, சனிக்கிழமை இரவு. மறுநாள் தைப்பூசம். துஷி, கமீல், பஸ்தியான், நான். பிரான்ஸில், மலைகளுக்கு நடுவே இருக்கும் கிரெனோபிள் நகரத்தில் பகல் முழுக்க மூடுபனி, சூரியனே கிடையாது. பஸ்தியானின் காரில் ஷார்த்ரூஸ் மலைப் பாதையில் ஏறினோம். எத்தனையாவது வளைவு என்று நினைவில்லை, சட்டென்று மூடுபனி எங்களுக்குக் கீழே போய்விட்டது. மேலே நிலா. கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக ஒரு கடல் அசையாமல் கிடந்தது. நான் புதுச்சேரியில் வைத்திக்குப்பத்துக் கடலைப் பார்த்து வளர்ந்தவள். சத்தம் போடாத கடலை அன்றுதான் பார்த்தேன்.

போர்த் கணவாய் 1326 மீட்டர் உயரம். நகரம் இருநூறு சொச்சத்தில் இருக்கிறது. கணவாயின் தலைக்கு மேல் ஷாம்ஷோத் சிகரம், 2082 மீட்டர். அதன் பாறைச் சுவரில் நிலா வெளிச்சம் பட்டு ஒவ்வொரு வெடிப்பும் தெரிந்தது. புதுப் பனி தன் மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுமாம். நெற்றி விளக்கைக் கொண்டு போயிருந்தோம், கமீல் அதை அணைக்கச் சொன்னான். அணைத்த பிறகுதான் எல்லாம் தெரிந்தது.

பனிச்சறுக்குத் தடங்களில் ராத்திரி இறங்கக் கூடாது. தடத்தைச் சமன் செய்யும் பெரிய வண்டி, மேலே எங்கோ கட்டிய இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறும். இருட்டில் அந்தக் கயிறு கண்ணில் படாது. அதனால் எந்தத் தடமும் இல்லாத ஒரு புல்வெளிச் சரிவுக்குப் போனோம். வெயில் காலத்தில் மாடு மேயும் இடம். பகலில் இளகி, ராத்திரி மறுபடி உறைந்து, மேலே ஓடு மாதிரி இறுகியிருந்தது. அப்படி இறுகினால்தான் வேகம்.

லூஜ் என்பது பெரிய விஷயமே இல்லை. சிவப்பு பிளாஸ்டிக் தொட்டி, முன்னால் ஒரு கயிறு. உட்கார்ந்து, முதுகைப் பின்னால் சாய்த்து, காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இடது குதிகாலை லேசாக அழுத்தினால் இடது பக்கம் திரும்பும், வலதை அழுத்தினால் வலது. இரண்டையும் அழுத்தினால் நிற்கும். இவ்வளவுதான் படிப்பு.

துஷி முதலில் போனாள். அப்புறம் நான். முதல் கொஞ்ச தூரம் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு காற்று கண்ணில் அறைந்தது. தண்ணீர் முட்டியது. நடுவில் ஒற்றையாக ஒரு ஊசியிலை மரம், அதன் நிழல் சரிவின் குறுக்கே கறுப்பாக விழுந்திருந்தது. அது நிழல் என்று எனக்குத் தெரியும். இருந்தும் இரண்டு குதிகாலும் போய் ஊன்றிவிட்டன. சர்ரென்று பனித்தூள் முகம் முழுக்க. நின்றுவிட்டேன்.

மறுபடி ஏறி உட்கார முடியவில்லை. லூஜைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு மீதிச் சரிவை நடந்தே இறங்கினேன். மூன்று பேரும் கீழே காத்திருந்தார்கள். ஒருவரும் கேலி செய்யவில்லை. அதுதான் இன்றுவரை நெஞ்சில் நிற்கிறது. துஷி மட்டும் என் கையுறையிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, "அடுத்த முறை காலைத் தூக்கு. நான் பின்னால இருக்கிறன்" என்றாள்.

அடுத்த முறை என்பது இந்த மாசி மகம். நாலு பேரும் சேர்ந்து குறித்த தேதி.

பிப்ரவரி 2, வெள்ளி

போர்த் கணவாயின் நேரலைக் கேமராவில் புல் தெரிகிறது.

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்றும் புல். நடுவில் திட்டுத் திட்டாக வெள்ளை.

அப்பாவுக்கு வயிற்றில் ஊசி போட்டுவிட்டு முதல் வேலையாக அந்தக் கேமராவைத்தான் திறக்கிறேன். இங்கே எட்டு மணி என்றால் அங்கே விடியற்காலை மூன்றரை, இருட்டு. தெரிந்தும் திறக்கிறேன்.

அந்தக் கணவாயில் பிரான்ஸின் வானிலைத் துறை 1960-லிருந்து பனியின் உயரத்தை அளந்துகொண்டு வருகிறது. நடந்து போகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று அந்தக் கம்பங்களையும் கருவிகளையும் பார்க்கலாம். நானும் பார்த்திருக்கிறேன். அறுபது வருஷத்துக் கணக்கு சொல்வது ஒன்றுதான்: பனி குறைந்துகொண்டே போகிறது. அந்த உயரத்தில் இப்போது ஒன்றிரண்டு டிகிரி ஏறினாலே பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்துவிடும். தன் சின்ன வயதில் இந்த மாதத்தில் வேலிக் கம்பங்களே மூழ்கிக் கிடக்கும் என்று பஸ்தியான் சொல்வான். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேச மாட்டான்.

இந்த வருஷம் பனி இல்லாவிட்டால் அவர்களும் போக மாட்டார்கள். அப்போது நான் மட்டும் போகவில்லை என்று ஆகாது. இப்படி ஒரு நினைப்பு வந்தது. வந்ததற்கு வெட்கப்படுகிறேன். பனி விழட்டும்.

பிப்ரவரி 9, வெள்ளி

தை அமாவாசை. அப்பா வருஷா வருஷம் கடற்கரையில் தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுப்பார். இன்று கட்டிலில் உட்கார்ந்தபடியே எள்ளும் தண்ணீரும் இறைத்தார். தாம்பாளத்தை நான் பிடித்துக்கொண்டேன். முடிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். வெகுநேரம் கழித்துத் திரும்பாமலே கேட்டார்:

"அந்தச் சறுக்குல, வண்டி எவ்ளோ வேகம் போவும்?"

அம்மாவிடம் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறார். சைக்கிளை மேட்டிலிருந்து மிதிக்காமல் விட்டால் போகிற வேகம் இருக்கும் என்றேன். அவ்வளவுதான், அப்பா திரும்பிப் படுத்தார். முகமே மாறிவிட்டது.

கோரிமேட்டிலிருந்து டவுனுக்கு வரும் இறக்கம். அந்தக் காலத்தில் சாலையில் வண்டியே கிடையாது. இவரும் சிநேகிதர்கள் மூன்று பேரும் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு, உருட்டிக்கொண்டே மேட்டுக்குப் போய், அங்கிருந்து பெடலில் கால் வைக்காமல் விடுவார்களாம். முதலில் காலைக் கீழே வைத்தவன் எல்லாருக்கும் சர்பத் வாங்கித் தர வேண்டும். ஊசுட்டேரிக் கரையில் தென்னை மட்டையில் உட்கார்ந்து சறுக்கியதையும் சொன்னார். மட்டையின் அடிப்பக்கம் தேய்ந்து வழவழப்பான பிறகுதான் ஓட்டம் எடுக்குமாம், புது மட்டை முரண்டு பிடிக்குமாம்.

இருபத்தாறு வயது வரைக்கும் இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. நாங்கள் பார்த்த அப்பா சாவிக்கொத்து, டிபன் பை, முதல் ஷிப்ட்.

"நீ காலை வச்சிட்டியா?" என்று கேட்டார்.

வைத்துவிட்டேன் என்றேன். தலையை ஆட்டினார். சர்பத் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

மாசி பிறந்தது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லி அம்மா அப்பாவின் காதில் துண்டைக் கட்டிவிட்டாள். விடியற்காலை மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் ஈரம். அம்மாவின் பனி வேறு, நான் தேடும் பனி வேறு. இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல்தான். நான் போனில் "பனி இருக்கா, பனி இருக்கா" என்று கேட்பதைக் கேட்டு, "அந்த ஊர்ல இல்லாத பனியா" என்கிறாள்.

பிப்ரவரி 16, வெள்ளி

பிசியோ தம்பி வந்தார். தொடைச் சதை கரைந்துவிட்டதாம். முட்டியின் கீழ் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதை அமுக்கச் சொல்கிறார், பத்து எண்ணும் வரை. அப்பா ஆறில் விட்டுவிடுகிறார். வலிக்கும்போது கவனத்தைத் திருப்ப ஏதாவது பேசுங்கள் அக்கா என்றார். அதனால் 1968 கதையைச் சொன்னேன்.

அந்த வருஷம் கிரெனோபிளில் குளிர்கால ஒலிம்பிக். லூஜ் போட்டி பக்கத்து மலையில், வில்லார் த லான்ஸில். அப்போதும் வெயில் வந்து தடம் இளகிப் போட்டியைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். நாலு ஓட்டம் நடக்க வேண்டியது, மூன்றோடு முடித்துவிட்டார்கள். பெண்கள் போட்டியில் கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் முதல் இடம், இரண்டாம் இடம், நான்காம் இடம். அப்போதுதான் அவர்கள் வண்டியின் அடி இரும்பைச் சூடாக்கி வைத்திருந்தார்கள் என்று குற்றம் சாட்டி மூன்று பேரையும் விலக்கினார்கள். தங்கம் இத்தாலிக்காரிக்குப் போனது.

"சூடு பண்ணா என்ன?" அப்பா துண்டை அமுக்கியபடியே கேட்டார்.

சூட்டில் பனியின் மேல்பரப்பு மெல்லிசாக உருகும், அந்தத் தண்ணீர்ப் படலத்தில் வண்டி வழுக்கும், உராய்வு குறையும் என்றேன்.

"எப்படிக் கண்டுபிடிச்சாங்க? கையால தொட்டா?"

பிசியோ தம்பி பன்னிரண்டு எண்ணிவிட்டிருந்தார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

அம்மாவிடம் கத்திவிட்டேன். "போறதுன்னா போ, நான் பாத்துக்கறேன்" என்று அவள் சொன்னது உண்மையாகவே எனக்காகத்தான். எனக்கு அது துரத்துவது மாதிரிக் கேட்டது. பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். தம்பி பின்னாலேயே வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தான். அவனும் களைத்துப்போய் இருக்கிறான், ராத்திரி பஸ்.

துஷிக்கு எழுதினேன், இந்த மாசி மகத்துக்கு வர முடியாது என்று. எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவள் பதிலாகக் குரல் அனுப்பினாள்: "பரவாயில்லையடி. அப்பாவைப் பார். உன்ர லூஜ் என்ர அறையிலதான் நிக்குது, ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன்."

ஐந்து தடவை கேட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

புல்.

பிப்ரவரி 22, வியாழன்

மழை என்று சொல்லியிருந்தது. மத்தியானம் பார்த்தால் கேமரா கண்ணாடியில் ஒட்டி ஒட்டி விழுகிறது, பெரிய பெரிய செதிலாக. பனிதான். அடுப்பில் பால் பொங்கிவிட்டது, நான் பார்க்கவில்லை.

அப்பாவிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "புதுசு, இறுகணும் இல்ல?" என்றார்.

பிப்ரவரி 25, ஞாயிறு, விடியற்காலை மூன்றரை

தூங்கப் போவதில்லை. அதற்குள் எழுதிவிட வேண்டும்.

நேற்று மாசி மகம். காலையிலிருந்தே வைத்திக்குப்பம் பக்கம் மேளச் சத்தம், வேட்டு. மயிலம் முருகன் வந்தாயிற்றா என்று அப்பா கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா தீர்த்தவாரி பார்த்துவிட்டு முட்டி வரை நனைந்த சேலையோடு வந்து, சொம்பில் கொண்டுவந்த கடல் தண்ணீரை அப்பாவின் தலையில் தெளித்தாள். அவர் கேட்டு இடது பாதத்திலும் இரண்டு சொட்டு. கட்டில் பூரா மணல்.

ராத்திரி ஒன்றரைக்கு துஷி கூப்பிட்டாள். அங்கே ஒன்பது மணி. முதலில் படம் வந்தது: நீல வெள்ளையாக ஒரு சரிவு, கமீலின் மூச்சுப் புகை, அந்த ஒற்றை மரம். மேகம் விலகி விலகி மூடுவதாகச் சொன்னாள். அப்புறம் படம் உறைந்துவிட்டது. குரல் மட்டும். போனை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு இறங்குகிறேன், கேட்டுக்கொண்டிரு என்றாள்.

அப்பா முழித்திருந்தார். போனை அவர் நெஞ்சின் மேல் வைத்தோம். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். குதிகால் ஊன்றினால் சர்ரென்று கேட்கும் என்று காதோடு சொன்னேன். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

கமீல் எண்ணினான். பிளாஸ்டிக் பனியில் உரசும் சத்தம், முதலில் மெதுவாக, கரகரவென்று. பிறகு அது சன்னமாகி ஒரே இழையாக நீண்டது. காற்று. எனக்குத் தெரியும், இங்கே மேடு, இங்கே கொஞ்சம் சமதளம், இனி மரம். அப்பாவின் நல்ல கால் போர்வைக்குள் மேலே தூக்கிக்கொண்டதைப் பார்த்தேன்.

சர்ர்ரக்.

அதற்குப் பிறகு எதுவும் இல்லை. துஷியின் மூச்சு மட்டும். அவள் மூன்று குளிர்காலமாக அந்தச் சரிவில் இறங்குகிறவள், ஒரு தடவைகூடக் காலை வைத்ததில்லை.

"துஷி?"

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "அந்த மரத்தடி வரக் கால் தன்பாட்டுக்குப் போயிட்டுது. நிழல் எண்டு தெரியும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். போனை வாய்ப் பக்கம் கொண்டுபோய், அவளை ஒரு முறைகூடப் பார்த்திராத அப்பா சொன்னார்:

"பரவால்லம்மா. பாத்து எறங்கி வா."

நடந்து வரும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் பனி நொறுங்கியது. கீழே போய்ச் சேரும் வரை நாங்கள் வைக்கவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

டிக்கெட் மார்ச் 17-க்கு. அதற்குள் பனி இருக்குமா என்று துஷியிடம் கேட்கவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

எக்ஸ்ரே பத்து மணிக்கு. ஆட்டோ ஒன்பதரைக்குத்தான் வரும். அப்பா எட்டு மணிக்கே சட்டை மாற்றி, வலது காலுக்குச் செருப்பு மாட்டி உட்கார்ந்துவிட்டார். இடது காலுக்கானதைத் துடைத்துப் பையில் வைக்கச் சொல்கிறார்.