தப்பு நெட்வொர்க்ல போன யூஎஸ்டிடி
நேத்து நைட் மச்சான் போன் பண்ணி யூஎஸ்டிடி (டாலர் மதிப்புல ஓடுற கிரிப்டோ காசு) அனுப்புனேன் வரவே இல்லடான்னு ஒரே புலம்பல், பாத்தா எத்தீரியம் நெட்வொர்க்ல பீஸ் ஜாஸ்தின்னு பிஎன்பி ஸ்மார்ட் செயின்ங்குற வேற நெட்வொர்க்ல தட்டி விட்டுருக்கான். ரெண்டுலயும் அட்ரஸ் ஒரே மாதிரி 0எக்ஸ்னு ஆரம்பிக்கும், அதான் எரரே வரல. போனது எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விக்கிற கம்பெனி) டெபாசிட் அட்ரஸா இருந்தா, காச நகத்துற ரகசிய சாவியான பிரைவேட் கீ அவங்க கையில, டிக்கெட் போட்டுட்டு தேவுடு காக்கணும், இதுக்கு நடுவுல டெலிகிராம்ல மீட்டுத்தரேன்னு சீட் ஃப்ரேஸ் (வாலட்டயே திறக்குற ரகசிய வார்த்தைங்க) கேக்குற திருடனுங்க வேற. நல்லவேளை, போனது அவனோட சொந்த மெட்டாமாஸ்க் வாலட்டுக்கு, ரெண்டு செயினுக்கும் ஒரே பிரைவேட் கீ தான். மெட்டாமாஸ்க்ல பிஎன்பி செயினோட நம்பரான செயின் ஐடி 56 போட்டு நெட்வொர்க்க ஆட் பண்ணி டோக்கனையும் சேத்தா காசு அப்படியே உக்காந்திருக்கு. ஆனா நகத்தணும்னா கேஸுக்கு, அதாவது நெட்வொர்க் பீஸுக்கு, கொஞ்சம் பிஎன்பி காயின் வேணும், அதையும் நான் தான் அனுப்பணுமாம்!