உணவகத்துக்கு மது உரிமம் எடுத்த பாடு

எங்கள் சிறிய உணவகத்துக்கான மது உரிமம் ஒருவழியாகக் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. இங்கிலாந்தில் உணவகமோ மண்டபமோ நடத்தும் நம்மவர் பலர் இதே வழியாகத்தான் போக வேண்டியிருக்கும் என்பதால், எரிச்சல் இன்னும் முழுதாக ஆறாத நிலையிலேயே இதை எழுதி வைக்கிறேன். 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் பலர் அஞ்சுவதைப் போல விண்ணப்பதாரருக்கு எதிரானதன்று. விண்ணப்பம் முறையாக இருந்து, உரிய காலத்துக்குள் ஏற்கத்தக்க ஆட்சேபனை எதுவும் வராவிட்டால், உள்ளூராட்சி மன்றமான கவுன்சில் உரிமத்தை வழங்கியே ஆக வேண்டும். சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, முன்மேசையில் இருப்பவர்களுக்கு அது தெரியாததுதான் என்னை அலைக்கழித்தது.

எடுக்க வேண்டியவை இரண்டு: மது விற்பனைக்குப் பொறுப்பேற்கும் ஆளுக்குத் தனிநபர் உரிமம், விற்கும் இடத்துக்கு வளாக உரிமம். முதல் அடி தனிநபர் உரிமத்திலேயே விழுந்தது. பயிற்சியும் தேர்வும் சிரமமில்லாமல் முடிந்தன. உணவகம் இருக்கும் பகுதியின் கவுன்சிலில் பாடச் சான்றிதழ், குற்றப் பதிவுச் சான்று, புகைப்படங்கள், 37 பவுண்ட் கட்டணம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பல நாள் கழித்து, நான் குடியிருப்பது வேறு கவுன்சிலின் எல்லைக்குள் என்பதால் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். இது முதல் பக்கத்தில் உள்ள முகவரியைப் பார்த்ததுமே சொல்லியிருக்க வேண்டியது. குற்றப் பதிவுச் சான்று ஒரு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பது விதி. அவர்களுடைய மேசையில் கிடந்தே அது காலாவதியாகிவிட்டதால், மறுபடியும் பணம் கட்டிப் புதிது எடுத்தேன். தனிநபர் உரிமம் உங்கள் வீட்டு முகவரிக்குரிய கவுன்சிலிலும், வளாக உரிமம் கடை இருக்கும் கவுன்சிலிலும் எடுக்க வேண்டியவை.

இசை விஷயத்திலும் இதே கதைதான். வார இறுதியில் வீணைக் கச்சேரியோ பாட்டோ வைப்பதென்றால் விண்ணப்பத்தில் பொழுதுபோக்குப் பகுதி முழுவதையும் நிரப்பியாக வேண்டும் என்று எழுத்தர் பிடிவாதமாகச் சொன்னார். உண்மை அதுவல்ல. 2012ஆம் ஆண்டின் நேரடி இசைச் சட்டமும் அதற்குப் பின் வந்த தளர்வுகளும் சேர்ந்து, அங்கேயே அமர்ந்து அருந்துவதற்கு மது விற்க உரிமம் பெற்ற இடத்தில், விற்பனை நடக்கும் வேளையில், காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை, 500 பேருக்கு மேற்படாத கூட்டத்துக்கு நடத்தும் நேரடி இசைக்கும் பதிவு செய்த இசைக்கும் தனி அனுமதி தேவையில்லை என்றாக்கிவிட்டன. அரசின் வழிகாட்டுதலில் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்த பிறகுதான் அவர் மேலதிகாரியைக் கேட்டார். நான் சொன்னதே சரி என்று பதில் வந்தது. அவர் சொன்னபடி நிரப்பியிருந்தால் விண்ணப்பத்தைப் பற்றி வாசலில் ஒட்டும் அறிவிப்பில் மதுவோடு ஆட்டமும் பாட்டமும் சேர்ந்திருக்கும். அக்கம்பக்கத்தார் அதைப் பார்த்தே கொதித்திருப்பார்கள். ஆனால் பாடல்களின் காப்புரிமைக்கான கட்டணம் இந்தச் சட்டத்தோடு தொடர்பில்லாத தனிச் செலவு என்பதை மறக்க வேண்டாம்.

வளாக உரிம விண்ணப்பத்தை இணையத்திலேயே போட்டுவிடுங்கள். காவல்துறை, தீயணைப்புத் துறை, சுற்றுச்சூழல் சுகாதாரம் முதலிய பொறுப்பு அமைப்புகளுக்குக் கவுன்சிலே பிரதி அனுப்பிவிடும். தாளில் கொடுத்தால் அந்த வேலை முழுவதும் உங்கள் தலையில். கட்டணம் கட்டடத்தின் வரி மதிப்பைப் பொறுத்தது. எங்களுக்கு 190 பவுண்ட். வரைபடத்தில் வாசல்கள், தப்பிக்கும் வழிகள், சமையலறை, கழிப்பறை, தீயணைப்புக் கருவிகள் எல்லாம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்தது அறிவிப்பு. வெளிர் நீல நிறத்தாளில், 16 புள்ளிக்குக் குறையாத எழுத்தில், 28 நாள் தொடர்ந்து வாசலில் இருக்க வேண்டும். யாராவது கிழித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்து, தினமும் தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்தேன். அறிவிப்பு வாசலில் இல்லை என்று பிறகு ஒருவர் புகார் சொன்னபோது அந்தப் படங்களே வாயடைத்தன. பத்திரிகை விளம்பரம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. விண்ணப்பம் கொடுத்த மறுநாளிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் உள்ளூர்ப் பத்திரிகையில் அது வந்தாக வேண்டும். உரிமக் கட்டணத்தைவிட அதிகமாக வாங்கிக்கொண்டு, ஆட்சேபனைக்கான கடைசி நாளைப் பத்திரிகைக்காரர்கள் தப்பாக அச்சிட்டார்கள். திருத்தி வெளியிட இன்னொரு கட்டணம் என்று வேறு கேட்டார்கள். நான் எழுதிக் கொடுத்த வாசகம் மின்னஞ்சலில் இருந்ததால் வாதாட முடிந்தது. அடுத்த இதழில், கெடு முடிவதற்குச் சற்றுமுன், இலவசமாகப் போட்டார்கள். வாரப் பத்திரிகை என்றால் முதல் இதழிலேயே போட்டுவிடுங்கள். இரண்டாம் இதழுக்கென்று வைத்திருந்தால், இப்படி ஒரு பிழைக்குப் பிறகு திருத்த இடமே இருந்திருக்காது.

காவல்துறை உரிம அதிகாரி மரியாதையாகத்தான் எழுதினார். ஆனால் அவர் அனுப்பிய நிபந்தனைப் பட்டியல் நள்ளிரவு விடுதிக்கு எழுதியதைப் போல இருந்தது. வெள்ளி, சனி இரவுகளில் வாசலில் இரு தனியார் காவலாளிகள். கண்காணிப்புக் கேமராப் பதிவு 31 நாள். கேட்ட கணமே பதிவை எடுத்துத் தரத் தெரிந்த ஊழியர் எந்நேரமும் கடையில். மேசையில் அமர்ந்து உணவு உண்பவர்களுக்கு மட்டுமே மது என்ற நிபந்தனையை நானே முன்வைத்து, அப்படியிருக்கக் காவலாளி எதற்கு என்று கேட்டேன், அதைக் கைவிட்டார். 31 நாள் பதிவுக்கு ஒப்புக்கொண்டேன். பதிவைத் தருவதற்கு 48 மணி நேரம் வாங்கினேன். எது வந்தாலும் சரி என்று கையெழுத்திடுபவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: நிபந்தனையை மீறி மது விற்பது குற்றம், எல்லையற்ற அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் அதற்கு உண்டு. விண்ணப்பத்தில் நல்லபிள்ளைத்தனமாக நாமே எழுதும் வாக்குறுதிகளும் நிபந்தனைகளாகிவிடும்.

அக்கம்பக்கத்திலிருந்து வந்தவற்றில், இந்தத் தெருவில் ஏற்கனவே போதுமான மதுக்கடைகள் உள்ளன என்ற கடிதத்தைக் கவுன்சிலே ஒதுக்கியது. தேவை இருக்கிறதா என்பது இந்தச் சட்டத்தின் கேள்வியன்று. பின்வீட்டு முதியவரின் கடிதம் அப்படியல்ல. இரவில் கண்ணாடிப் போத்தல்களைத் தொட்டியில் கொட்டும் ஓசை தன் படுக்கையறைக்குக் கேட்கும் என்று எழுதியிருந்தார், நியாயமான கவலைதான். இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை போத்தல்களை வெளியே கொட்டுவதில்லை என்று எழுத்தில் கொடுத்தேன். அவர் ஆட்சேபனையை விலக்கிக்கொண்டார். அதனால் மூன்று கவுன்சிலர்கள் அமரும் விசாரணைக்குப் போகாமலே காரியம் முடிந்தது.

முடிந்ததென்று நினைத்திருந்தபோது வந்த உரிமத்தில், கைவிடப்பட்ட அந்த இரு காவலாளிகள் நிபந்தனையாக உட்கார்ந்திருந்தார்கள்! காவல்துறை உரிம அதிகாரியின் மின்னஞ்சலை இணைத்து எழுதியதும் திருத்திய பிரதியை அனுப்பினார்கள். மன்னிப்பு என்ற சொல் மட்டும் அதில் இல்லை. உறையைப் பிரித்த அன்றே ஒவ்வொரு நிபந்தனையையும் உங்கள் மின்னஞ்சல்களோடு ஒப்பிட்டு வாசியுங்கள். உரிமச் சுருக்கத்தை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டுங்கள்; ஆண்டுக் கட்டணத்துக்கான நாளையும் குறித்து வையுங்கள். எங்களுக்கு அது 180 பவுண்ட். கட்டாவிட்டால் உரிமம் இடைநிறுத்தப்படும்.