கருமூஞ்சிக் குரங்கு கத்தினால்

அப்பா நாற்பது வருடம் ஏற்காட்டில், நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர். காடு அவருக்குப் புதிதில்லை. ஆனால் யானையைக் கோயிலில்தான் பார்த்திருக்கிறார். எங்கள் சேர்வராயன் மலையில் யானை கிடையாது. அதனால்தான் பழம் பறிப்பு முடிந்த கையோடு, பிப்ரவரியில் அவரை முதுமலைக்குக் கூட்டிப்போனேன்.

தெப்பக்காட்டில் விடிந்ததும் வனத்துறை வேன் ஏறினோம். வேனில் எல்லோருக்கும் புலிதான் வேண்டும். வழிகாட்டியாக வந்த இருளர் இளைஞர் சொன்னது வேறு: "கண்ணு அப்புறம். முதல்ல காதைத் திறந்து வைங்க."

அங்கே உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. பத்தடி தள்ளி யானை நின்றாலும் தெரியாது. ஆனால் மர உச்சியில் இருக்கும் கருமூஞ்சிக் குரங்குக்குத் தெரியும். அது பறித்துப் பாதி தின்று கீழே போடும் தழைக்காகவே புள்ளிமான்கள் அந்த மரத்தடியில் மேயும். ஆபத்து என்றால் இரண்டும் கத்தும். "மான் மட்டும் ஒரு தடவ கத்துனா நான் நம்ப மாட்டேங்க ஐயா. மானும் குரங்கும் ஒரே பக்கம் பார்த்து, விடாம கத்தணும்" என்றார். அப்பா அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

ஒரு திருப்பத்தில் அதே சத்தம் கேட்டது. மேலே இருமுவது போலக் குரங்கு, கீழே கீச்சென்று மான். இன்ஜினை அணைத்தார்கள். ஒரு பெட்டைமான் வாலைத் தூக்கி, முன்னங்காலால் தரையைத் தட்டிக்கொண்டே நின்றது. மூச்சுவிடக்கூட யோசனையாக இருந்தது. பிறகு செடிக்குள்ளிருந்து சீட்டி மாதிரி ஓர் ஒலி. ஐந்து செந்நாய்கள், கறுத்த புசுபுசு வாலோடு, வரிசையாகப் பாதையைக் கடந்தன. நாய் போலக் குரைக்காமல், சீட்டியடித்தே ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளுமாம். "புலி இல்லையா?" என்று பின் சீட்டில் ஒரு குரல். எனக்கு வருத்தமாக இருந்தது. செந்நாயும் உலகம் முழுக்க அழியும் ஆபத்தில் இருக்கிற உயிர்தான். அது வேட்டைக்குப் போகும் வழியைப் பார்ப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்!

யானையும் பார்த்தோம், மாயாற்றங்கரையில் குட்டியோடு. அப்பா கைகூப்பினார்.

திரும்பும்போது அப்பா எங்கள் ஊர்க் காட்டெருமை பற்றிப் பேச்செடுத்தார். "அது எருமை இனமே இல்லீங்க ஐயா, மாட்டினம். காட்டுமாடுன்னு சொல்லுங்க" என்றார் அந்தத் தம்பி. உடம்பைப் பக்கவாட்டில் முழுசாகக் காட்டி நின்றால் அது மிரட்டல். அப்போது முன்னால் போகாமல் மெதுவாகப் பின்வாங்க வேண்டும் என்றும் சொன்னார். ஏற்காட்டில் காரை நிறுத்தி இறங்கி, காட்டுமாட்டின் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்களுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும். காளை ஒன்று ஆயிரம் கிலோ வரை இருக்கும். தயவுசெய்து காருக்குள்ளேயே இருங்கள், ஹாரன் அடிக்காதீர்கள்.

போன வாரம் நானும் அப்பாவும் எஸ்டேட் வழியாக நடந்தோம். சில்வர் ஓக் மரங்களுக்கு இடையில் புஸ்ஸென்று ஒரு சீறல். முன்பெல்லாம் அப்பா தகர டப்பாவைத் தட்டுவார். அன்று என் தோளைப் பிடித்து நிறுத்தினார். வெள்ளைக் காலுறை போட்டது போன்ற கால்கள் முதலில் தெரிந்தன. தாய், பின்னால் செம்பழுப்பில் ஒரு கன்று. அது மிளகுக்கொடியை மோந்து பார்த்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கும்வரை நாங்கள் அசையவில்லை.