ஒரு விமானியின் கோப்பைச் சேர்த்தெடுத்த மூன்று வருடம்

பவேரியாவில் நான் இருக்கும் பக்கம், கோடைக்காலத்தில் சனிக்கிழமை தோறும் ஏதாவது ஓர் ஊரில் பழைய பொருள் சந்தை போடுவார்கள். அப்படி ஒரு சந்தையில், மேஜைக்கு அடியில் இருந்த அட்டைப் பெட்டியில்தான் இரண்டாம் உலகப் போரில் பறந்த ஒரு ஜெர்மன் விமானியின் கோப்பு கிடந்தது. மேலே மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு சிறு புத்தகம், வெர்பாஸ். பெயர், பிறந்த ஊர், பயிற்சி, படைப்பிரிவு எல்லாம் பதியப்படும் ராணுவச் சேவைப் பதிவேடு அது.

வெர்பாஸ் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். போர்வீரர் சட்டைப் பையில் வைத்திருந்தது ஸோல்ட்பூஹ் என்ற சம்பளப் புத்தகம். வெர்பாஸை அவருடைய படைப்பிரிவே வைத்திருக்கும். அவர் போரில் இறந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடும். அதனால் ஒரு வீட்டிலிருந்து வெர்பாஸ் மட்டும் வந்து ஸோல்ட்பூஹ் வரவில்லை என்றால், அந்த மனிதர் திரும்பி வரவில்லையோ என்றுதான் முதலில் தோன்றும். கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். 1944 மார்ச், நெதர்லாந்து, "கெஃபாலன்". வீழ்ந்தார் என்று பொருள். முதல் பக்கத்தில் உலோக வளையம் வைத்து அடித்திருந்த புகைப்படத்தில் கோட்டும் டையும் போட்ட ஒரு பையன். மீசை கூட சரியாக முளைக்கவில்லை.

கோப்பில் அவருடைய பறத்தல் பதிவேடு, இரும்புச் சிலுவை என்ற ராணுவப் பதக்கத்தின் இரண்டு வகுப்புகளுக்கும் ஃப்ரன்ட்ஃப்ளூக்ஷ்பாங்கே என்ற பறத்தல் பட்டைக்கும் உரிய சான்றிதழ்கள், கைப்பட எழுதிய நான்கு கடிதங்கள் இருந்தன. பதக்கங்கள் இல்லை. கேட்டதற்கு, "அது போன மாதமே போயிடுச்சு, தனித்தனியா" என்றார் வியாபாரி. காகிதத்துக்கு ஒரு விலை, உலோகத்துக்கு ஒரு விலை, சேர்த்து விற்றால் நஷ்டம் என்பது அவர் கணக்கு. எனக்கு மனசே ஆறவில்லை. ஜெர்மன் பதக்கங்களில் பெற்றவர் பெயரைப் பொறிக்கும் வழக்கம் இல்லை. காகிதத்தை விட்டுப் பிரிந்ததும் அந்தச் சிலுவை யாருடையதாகவும் ஆகிவிடும். அதைத் திரும்பச் சேர்ப்பதென்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

முதலில் காகிதங்கள் உண்மையா என்று பார்த்தேன். இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடித்தால், போருக்குப் பிந்தைய வெள்ளைக் காகிதம் நீலமாகப் பளிச்சிடும், அதில் கலக்கும் வெளுப்பு ரசாயனம் அப்படி. இவை ஒன்றும் பளிச்சிடவில்லை. அப்புறம் பறத்தல் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியிலும் விமான வகை, கிளம்பிய இடம், நேரம், இறங்கிய நேரம், எத்தனை நிமிடம். மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்பதே பக்கம் பக்கமாக வருகிறது. நோக்கம் என்ற கட்டத்தில் "அலார்ம்ஷ்டார்ட்", அதாவது அபாயச் சங்கு கேட்டதும் ஓடிப்போய்க் கிளம்புவது. ஃப்ரன்ட்ஃப்ளூக்ஷ்பாங்கே என்பது போர்ப் பறத்தல்களின் எண்ணிக்கைக்காகத் தரும் பட்டை. 20 பறத்தலுக்கு வெண்கலம், 60-க்கு வெள்ளி, 110-க்குத் தங்கம். இவருடைய சான்றிதழ் வெள்ளிக்கு. பென்சிலால் எண்ணிக்கொண்டே போனேன். அறுபதாவது போர்ப் பறத்தலுக்கும் சான்றிதழின் தேதிக்கும் இடையில் பன்னிரண்டு நாள். கணக்கு சரியாக உட்கார்ந்தது.

1944 பிப்ரவரி 20 முதல் 25 வரை அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ஜெர்மன் விமானத் தொழிற்சாலைகளைத் தொடர்ந்து தாக்கின. அந்த வாரத்தில் இவர் ஒரே நாளில் இரண்டு தடவை கிளம்பியிருக்கிறார். கையெழுத்து அங்கே கோணிப்போகிறது.

கடிதங்கள்தான் என்னை அலைய வைத்தன. எல்லாம் பழைய ஜெர்மன் எழுத்து. அதில் 'e' என்பது 'n' போலவே இருக்கும், 'u'வுக்கு மேல் ஒரு வளைவு போடுவார்கள். 1941 வரை பள்ளியில் சொல்லித் தந்த எழுத்து, இன்றைக்கு ஜெர்மானியர்களிலேயே பலருக்குப் படிக்க வராது. எங்கள் தெருவில் இருக்கும் 90 வயதுப் பாட்டி படித்துச் சொன்னார். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் கம்பளிக் காலுறை கேட்டிருக்கிறார். படித்து முடித்த பாட்டி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை.

இவர் யாருக்காகப் பறந்தார் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. இரும்புச் சிலுவையின் சான்றிதழே ஹிட்லரின் பதவியைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அந்த வரியைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிசையும். அதற்காகக் காகிதத்தைக் கிழித்துவிட முடியாது, நடந்ததற்கு அதுவும் சாட்சி. நாஜிகளின் கொக்கிச் சிலுவை பொறித்த பதக்கத்தை ஜெர்மனியில் வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. பொதுவில் காட்டினால்தான் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு வரும். ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு. போட்டுக்கொள்வதென்றால் 1957 சட்டப்படி அந்தச் சின்னம் இல்லாத வடிவம்தான். என்னுடையவை இழுப்பறையை விட்டு வெளியே வருவதில்லை.

அரசு ஆவணங்களுக்கு பெர்லினில் உள்ள கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டும். முன்பு வாஸ்ட் என்று தனியாக இருந்த விசாரணை அலுவலகம் 2019-இல் அதோடு சேர்ந்துவிட்டது. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் மூன்றும் இருந்தால் தேட எளிது, மூன்றும் வெர்பாஸில் இருந்தன. பதில் வர மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். விமானப்படையின் ஆவணங்களில் பெரும்பகுதி போர் முடிவில் அழிந்துபோனது. எனக்குக் கிடைத்தது இழப்பு அறிக்கையின் ஒரே ஒரு வரி. அதுவே போதுமாக இருந்தது. ஃபோல்க்ஸ்புண்ட் என்ற போர்க்கல்லறைச் சங்கத்தின் இணையத் தேடலில் பெயரைப் போட்டதும் கல்லறை எண்ணே வந்துவிட்டது. நெதர்லாந்தில் இஸ்ஸல்ஸ்டைன். போய்ப் பார்த்தேன். சுமார் 32,000 பேர் அங்கே இருக்கிறார்கள். கண்ணுக்கு எட்டிய வரை சாம்பல் நிறச் சிலுவைகள். இவருடையதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் நடந்தேன்.

பதக்கங்கள் கிடைத்தது வியாபாரியின் கைபேசியால். பிரித்து விற்பதற்கு முன் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு படம் எடுத்திருந்தார். கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். இரண்டாம் வகுப்புச் சிலுவையின் ரிப்பன் ஒரு மூலையில் கோணலாக வெட்டப்பட்டிருந்தது. அதை வைத்துத் தேடி, எட்டு மாதம் கழித்து ஒரு சேகரிப்பாளரிடம் பிடித்தேன். வெள்ளிப் பட்டை இன்னொருவரிடம் இருந்தது, அவர் தர மறுத்தார். அதன் சான்றிதழை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். பல காலம் பட்டை அந்தக் காகிதத்தின் மேலேயே கிடந்ததால், இரு பக்கமும் நீளும் ஓக் இலைகளும் நடுவில் இருக்கும் வளையமும் பழுப்பாகப் பதிந்திருந்தன. அவர் தன் பட்டையை எடுத்து அந்தக் கறையின் மேல் வைத்தார். இலை இலையாகப் பொருந்தியது. வாங்கிய விலைக்கே கொடுத்துவிட்டார்.

குடும்பத்தில் ஒருவரையும் கண்டுபிடித்தேன், விமானியின் தங்கை மகள். தன் சகோதரர் இறந்தபின் அவர் வீட்டைக் காலி செய்தவர்களிடம் பெட்டியும் போய்விட்டதாம். "எனக்குத் திரும்ப வேண்டாம், அந்தச் சின்னம் என் வீட்டுக்குள் வரக் கூடாது" என்றார். ஆனால் வெர்பாஸில் இருக்கும் அந்த டை போட்ட படத்தைக் கேட்டார். தாய்மாமாவைச் சீருடை இல்லாமல் அவர் பார்த்ததே இல்லையாம். ஸ்கேன் செய்து பெரிதாக்கி அனுப்பினேன்.

முதல் வகுப்புச் சிலுவை இன்னும் கிடைக்கவில்லை. சந்தையில் விற்பனைக்கு நிறைய இருக்கின்றன, எவரோ ஒருவருடையதை வாங்கி வைத்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வியாபாரியின் படத்தில் அந்தச் சிலுவையின் பின்புற ஊசி லேசாக வளைந்திருக்கிறது. அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.